ஐந்தாம் நம்பருக்கு ஆள் வரவில்லை

போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் மனைவி செல்வி பனியன் கம்பெனியில் வேலை செய்துகொண்டிருந்த செக்கிங் டேபிளிலேயே சரிந்து விழுந்தாள். அப்போது நான் அவளுக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். பெருமாநல்லூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனிகளுக்கு வண்டியில் டீ கேன் கட்டிக்கொண்டு போய் ஊற்றுகிறவன் நான். அவளுக்கு டம்ளரை நீட்டினேன். வாங்க வந்த கை பாதியில் நின்றது. என்னவோ சொல்ல வந்தாள். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில், மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். "சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லிருங்க" என்றார் டாக்டர். எதற்குச் சொல்லச் சொல்கிறார் என்று புரிந்தது. புரியாமல் இருந்திருக்கலாம்.

நம் ஞாயிற்றுக்கிழமைத் தியானத்துக்கு வருகிற உங்கள் எல்லோருக்கும் என்னைத் தெரியும். கண்ணை மூடச் சொன்னால் கடைசியாக மூடுகிறவன், தியானம் முடிந்ததும் முதலில் வாயைத் திறக்கிறவன். "டீ ஆறினாலும் உங்க பேச்சு ஆறாதுங்க" என்று செல்வி கிண்டல் செய்வாள். அப்படிப்பட்டவனுக்கு அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை வரவில்லை. சாமியை, ஆத்தா என்று கூப்பிடுவேன். அதற்கு மேல் ஓடாது.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே நீளமான வராந்தா. உள்ளே கிடப்பவர்களின் சொந்தக்காரர்கள் நாங்கள் அங்கேதான் பாய் விரித்துக் கிடந்தோம். காவலாளி கதவைத் திறந்து படுக்கை நம்பர் சொல்லிக் கூப்பிடுவார். மருந்து வாங்கிவரக் கூப்பிடுவார்கள். கையெழுத்துக்குக் கூப்பிடுவார்கள். இல்லையென்றால் அதற்கு. எதற்கென்று அவர் சொல்ல மாட்டார், போனால்தான் தெரியும்.

செல்வி ஏழாம் நம்பர். கதவு கிரீச்சிட்டால் எனக்குள் ஒரே பிரார்த்தனை: ஏழு வேண்டாம், ஏழு வேண்டாம். அந்த வராந்தாவில் எல்லோரும் அவரவர் நம்பரை அப்படித்தான் முனகிக்கொண்டிருந்தோம். முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

எனக்கு ஒரு பக்கம் எஸ்தரக்கா. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம், அவர் வீட்டுக்காரர் இரண்டாம் நம்பரில். நான் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்த்து ஒருநாள் சத்தம் போட்டார்.

"ஏண்ணே, இப்படிக் கெடந்தா ஆண்டவரே எறங்கி வந்து இட்லிய ஊட்டி விடுவாருன்னு பாக்கீகளா? அவருக்கு ஆயிரம் சோலி. எந்திச்சுத் தின்னுங்க."

இன்னொரு பக்கம், ஃபேனுக்கு நேர் கீழே, மூலனூர்க்காரர் ஒருவர். முருங்கை விவசாயி. பைக்கில் அடிபட்ட மகன் நாலாம் நம்பரில் இருந்தான்.

ஒரு மதியம் கதவு திறந்தது. "நாலு! நாலாம் நம்பர் ஆளுங்க யாருங்க?"

அப்பாடா என்றிருந்தது. ஏழு இல்லை. அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தேன். மூலனூர்க்காரர் செருப்புக்குள் காலை நுழைக்கப் பார்க்கிறார். கால் நுழையவில்லை. மறுபடி மறுபடி நுழைக்கிறார். கடைசியில் ஒரு செருப்போடு நடந்து போனார்.

என் பிரார்த்தனை பலித்துவிட்டது என்று அப்போது தோன்றியது. பலித்தது எப்படி இருந்தது என்பதையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெகுநேரம் கழித்து வந்தார். அழவில்லை. பையை எடுத்துக்கொண்டார். கிளம்புகிறவர் என் தலையில் கையை வைத்தார்.

"இந்தப் பாயை நீங்க வெச்சுக்கங்க சாமி. இங்க காத்து நல்லா வரும். உங்கூட்டு அம்மணி எந்திரிச்சு வந்துருவாங்க."

மகனைப் பறிகொடுத்து நிற்கிற மனிதர் எனக்கு நல்லது சொல்கிறார்.

அந்தப் பாயில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். தியானம் சொல்லித்தருகிற நம் டீச்சரம்மா கூட்டத்தில் என்ன சொல்வார்? முதலில் உங்களுக்கு நல்லது நினையுங்கள், பிறகு வேண்டியவர்களுக்கு, பிறகு தெரியாதவர்களுக்கு என்பார். எனக்கு நல்லது நினைத்துப் பார்த்தேன், வரவில்லை. செல்வியை நினைத்தால் முகம் வரவில்லை, குழாயும் மெஷினும்தான் வந்தன. அதனால் வரிசையை விட்டுவிட்டேன். செருப்புக்குள் நுழையாத அந்தக் காலை நினைத்தேன். அந்த மனிதர் நல்லபடியாக வீடு போய்ச் சேரட்டும். மூச்சை விட்டேன். எத்தனையோ நாளைக்கு அப்புறம் மூச்சு முழுசாக வெளியே போனது.

அடுத்தது எஸ்தரக்கா. அடுத்தது காவலாளி. நாளெல்லாம் அந்தக் கதவைத் திறக்கிற மனிதருக்கு உள்ளே எப்படி இருக்கும்? அவரும் நல்லா இருக்கட்டும். அடுத்தது ஐந்தாம் நம்பர். பீகாரிலிருந்து வேலைக்கு வந்தவர், கட்டடத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று கேள்வி. கூட வேலை செய்கிறவர்கள் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். வராந்தாவில் அவருக்கென்று ஒரு பாய் இல்லை. முகம் தெரியாததால் நம்பரையே நினைத்தேன். ஐந்து நல்லா இருக்கட்டும்.

பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். போகவில்லை. ஆனால் வேண்டுதல் மாறிவிட்டது. யாரைக் கூப்பிட்டாலும் அவர்கள் எழுந்து நிற்கத் தெம்பு கொடு, ஆத்தா. அதுதான் கேட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு காலையில், "அஞ்சு! அஞ்சாம் நம்பருக்கு ஆள் இருக்கீங்களா?"

யாரும் வரவில்லை. காவலாளி இன்னொரு முறை கூப்பிட்டுவிட்டுத் திரும்பப் போனார். அதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன்.

"நீங்க ஏழில்லீங்களா?"

"ஆமாங்க. இருந்தாலும் வர்றனுங்க."

"அவருக்கு என்ன வேணும் நீங்க?"

"ஒறவெல்லாம் இல்லீங்க. டீ ஊத்தறவன்."

என்னை ஒரு பார்வை பார்த்தார். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார்.

உள்ளே போனதும், ஐந்தாம் நம்பர்க்காரர் ரொம்பப் பயப்படுகிறார், பக்கத்தில் யாராவது நின்றால் நல்லது என்றார் நர்ஸ். இரண்டு காலிலும் மாவுக்கட்டு. என் முகத்தில் யாரையோ தேடினார். எனக்குத் தெரிந்த இந்தியெல்லாம் டீ விற்கிற இந்திதான். அதையே சொன்னேன்: "சாய் பியோகே, பையா?" டீ குடிக்கிறீங்களா தம்பி என்று அர்த்தம்.

உதடு கோணியது. சிரிப்பா அழுகையா தெரியாது. என் விரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மீதியைத் தமிழிலேயே சொன்னேன். "பயப்படாதீங்க கண்ணு. நல்லா இருப்பீங்க. நான் வெளியதான் இருக்கறேன்." பிடி தளர்கிற வரை நின்றேன். தூங்கிவிட்டார்.

திரும்புகிற வழியில் ஏழாம் நம்பர். சாயங்காலம் பார்க்க விடுகிற கொஞ்ச நேரத்திலும் நான் அவளைப் பார்த்ததில்லை. மெஷினில் ஏறி இறங்குகிற பச்சைக் கோட்டையே பார்த்துக் கெஞ்சிவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்குத்தான் அவள் முகத்தைப் பார்த்தேன். ஜடைப் பின்னலுக்குள் கம்பெனியின் பனியன் பஞ்சு சிக்கியிருந்தது. எடுத்தேன். "செல்வி, நல்லா இரு" என்றேன். கண்ணைத் திற என்று கேட்கவில்லை. அவளும் திறக்கவில்லை. ஆனால் என்னால் அங்கே நிற்க முடிந்தது. ஆத்தா எனக்குக் கொடுத்த பதில் அதுதான் என்று நம்புகிறேன்.

பிழைத்தாளா என்று கேட்பீர்கள். பிழைத்தாள். ஆவணியில் வார்டுக்கு மாற்றினார்கள், புரட்டாசியில் வீட்டுக்கு வந்தாள். வலது கை எழும்பவில்லை. பேச்சு வரவில்லை. சில சாயங்காலம் காரணம் தெரியாமல் அழுகிறாள். சொல்ல அவளுக்கு வார்த்தை இல்லை, நிறுத்த எனக்கு வழி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

மூலனூர்க்காரர் மட்டும் வேண்டாமலா இருந்திருப்பார்? அவர் ஊர் தெரியும், பேர் கேட்டு வைக்கவில்லை. தினமும் டீ கேனை நிரப்புவதற்கு முன்னால் அவர் பாயில் உட்கார்ந்து தியானத்தை அவரிடமிருந்துதான் தொடங்குகிறேன். செல்வி உள்ளே இருந்தபோதே ஐந்தாம் நம்பரின் அண்ணன் ரயில் பிடித்து வந்து சேர்ந்தார். வராந்தாவில் ஒவ்வொருவரிடமும் "சாய்வாலா? சாய்வாலா?" என்று கேட்டுக்கொண்டே என்னிடம் வந்து நின்றார். இரண்டு பேருக்கும் பேச பாஷை இல்லை. கையைப் பிடித்துக்கொண்டோம்.

உங்களில் யாராவது இப்போது அப்படி ஒரு கதவுக்கு முன்னால் இருக்கலாம். உங்கள் நம்பருக்கு வேண்டிக்கொள்ளுங்கள், தாராளமாக. கூடவே பக்கத்துப் பாயில் இருக்கிற முகத்தையும் ஒரு மூச்சு நேரம் நினையுங்கள். கதவைத் திறக்கிறது நம் கையில் இல்லை. அதன் முன்னால் தனியாக உட்காராமல் இருக்கலாம். ஆத்தா எனக்கு அந்த வழியைத்தான் காட்டினாள்.

இதை எழுத எழுத செல்விக்குப் படித்துக் காட்டுகிறேன். இன்னும் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் அவள் இடது கையைத் தூக்கி உள்ளங்கையைக் காட்டுகிறாள். எங்கள் வீட்டில் இப்போது அதற்கு, போதும் நிறுத்துங்க என்று அர்த்தம்.

நிறுத்திக்கொள்கிறேன்.