என் மருமகளின் லைப்ரரி வேலை

எனக்கு எழுபத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றவை, இரண்டு என் தங்கை விட்டுவிட்டுப் போனவை. ஏழில் ஒன்றைக்கூடப் பசியோடு படுக்க வைத்ததில்லை. இதை முதலில் எழுதக் காரணம் உண்டு. பின்னால் என்னுடைய தப்பு ஒன்றை எழுதப்போகிறேன். படிக்கிறவர்கள் என்னை ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடக் கூடாது.

காஹாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். எந்த 'ன' என்று சந்தேகம் வந்தால் பேத்தியைக் கேட்பேன். கோவில் மாதர் பகுதி இந்த வருடம் மலர் போடுகிறது. ஆளுக்கு ஒரு பக்கம், உங்கள் வீட்டைப் பற்றி எழுதுங்கள் என்றார்கள். எனக்கு ஒரு பக்கம் போதாது.

தம்போயில் கடைசி மகன் வீட்டில் இருக்கிறேன். மகன் விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவான். பேத்தி பள்ளிக்கூடம் போய்விடுவாள். பிறகு வீட்டில் நானும் மருமகளும்தான். மருமகள் முன்பு ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலையில் இருந்தாள். அதை விட்டுவிட்டுப் பின்னறையில் ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் கீபோர்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழைய மெத்தையை வெட்டிச் சுவரெல்லாம் ஆணி அடித்தாள்.

"என்னம்மா வேலை இது?" என்று கேட்டேன்.

"லைப்ரரி மியூசிக் அத்தை."

மியூசிக் என் காதில் ஏறவில்லை. லைப்ரரி ஏறிவிட்டது.

தோட்டத்தில் இருந்த காலத்தில் குளுவாங் சந்தைக்குப் போகும்போதெல்லாம் அங்கே இருந்த லைப்ரரியை வெளியிலிருந்து பார்த்திருக்கிறேன். கண்ணாடிக் கதவு. நான் கையில் கருவாட்டுப் பையோடு நிற்பேன். உள்ளே போனதில்லை, போய் என்ன செய்ய? அப்படிப்பட்ட இடத்தில் என் வீட்டுப் பெண்ணுக்கு வேலை. கோவிலில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். "கவர்மெண்டா?" என்று ஒருத்தி கேட்டாள். "கவர்மெண்டு மாதிரிதான்" என்றேன். அந்தப் பொய் மட்டும் என் சொந்தச் சரக்கு.

மைக்கில் வேலை இருந்தால் அறைக் கதவின் கைப்பிடியில் ஒரு சிவப்புத் துண்டைத் தொங்கவிடுவாள். துண்டு தொங்கினால் குக்கர் வைக்கக் கூடாது, சாமி மணி அடிக்கக் கூடாது, வேலிக்கு அந்தப்பக்கம் நின்று யாரும் என்னைக் கூப்பிட்டால் கையால்தான் பதில் சொல்ல வேண்டும். லைப்ரரியில் சத்தம் போடக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? அதனால் சந்தேகமே வரவில்லை. கீபோர்டு பேத்தி பழகுவதற்கு என்று நினைத்தேன். உள்ளே கேட்கிற பாட்டு, வேலை அலுப்புக்கு அவள் போட்டுக் கேட்பது என்று நினைத்தேன். வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வருகிறதே, ரேடியோ கெட்டுவிட்டதோ என்றும் நினைத்தேன்.

ஒருநாள் நான் வெற்றிலை இடிக்கிற சின்ன உரலோடு என்னை உள்ளே கூப்பிட்டாள். "மைக் முன்னால உக்காந்து எப்பவும் போல இடிங்க அத்தை, வேலைக்கு வேணும்." இடித்தேன். லைப்ரரிக்கு எதற்கு உரல் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. படித்தவர்களிடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தால் நம் படிப்பு வெளியே தெரிந்துவிடும்.

இப்படியே இரண்டு வருடம் போனது. பேத்தியின் டியூஷனும் புதுத் துணி துவைக்கும் மெஷினும் அந்த அறையிலிருந்துதான் வந்தன.

அப்புறம் ஒரு சனிக்கிழமை மாதர் பகுதிச் செயலாளர் ஒரு பைலோடு வந்தார். உள்ளே அவர் தம்பி மகளின் சான்றிதழ்கள்.

"உங்க லைப்ரரில ஒரு வேல காலி இருந்தா பாத்து சொல்லுங்கம்மா" என்று மருமகளிடம் நீட்டினார்.

மருமகள் தேநீர்த் தட்டோடு அப்படியே நின்றாள். "எந்த லைப்ரரி ஆண்ட்டி?"

நான் சுவரைப் பார்த்தேன்.

மருமகள் பொறுமையாகத்தான் விளக்கினாள். "நான் மியூசிக் செய்றேன் ஆண்ட்டி. ஒரு கம்பெனிக்கு அனுப்புவேன். அவங்க அத சோகம், சந்தோஷம், ஓடுறது, சமைக்கிறதுன்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. விளம்பரம் எடுக்கிறவங்க, டிவிக்காரங்க வேணுங்கிறத எடுத்துப் போட்டுக்குவாங்க. புஸ்தகம் எடுக்கிற மாதிரி. அதான் லைப்ரரின்னு பேரு."

"டிவில உங்க பேரு வருமா?"

"வராது. எங்க போட்டாங்கன்னே எனக்கு உடனே தெரியாது. பல மாசம் கழிச்சு அவங்க லிஸ்ட்டும் காசும் அனுப்பும்போதுதான் தெரியும்."

"அலாமாக்! அப்ப வேலன்னு ஒண்ணும் இல்ல லா. வீட்டுல பாட்டுப் போட்டுக்கிட்டு இருக்கீங்க." பைலை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "அக்கா, உங்க மருமக லைப்ரரில புஸ்தகமே இல்லையே!"

அவர் சிரித்தது கேலிக்குத்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் போனதும் மருமகளிடம் சொன்னேன்: "நாலு பேரு முன்னால என் மானத்த வாங்கிட்டே. பழைய கிளினிக்கு வேலையே தேவலாம். நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம்."

பொய் சொன்னவள் நான். திட்டு வாங்கியவள் அவள். தேநீர்க் கோப்பைகளைக் கழுவினாள். அன்று மாலையே சிவப்புத் துண்டை மடித்து அலமாரியில் வைத்தாள். மைக்கைப் பெட்டியில் போட்டாள். பழைய கிளினிக்குக்குப் போன் செய்தாள். வருகிற திங்கள் இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை நேரில் வந்து பேசச் சொன்னார்கள்.

முதல் நாள் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. குக்கர் இஷ்டத்துக்கு விசில் அடித்தது. இரண்டாம் நாள் பேத்தி கேட்டாள், "ஏம்மா மியூசிக் போடல?" என்று. பாட்டியைக் கேள் என்று மருமகள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "அம்மாவுக்குக் கை வலிக்குது" என்றாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வியாழக்கிழமை ரத்த அழுத்த மாத்திரை வாங்க அரசாங்க கிளினிக்குக்குப் போனேன். நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சுவரில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்புக் கிச்சாப்பு சாஸ் விளம்பரம், ஓர் அம்மா மீன் வறுக்கிறாள். நான் பார்க்கவில்லை, கேட்டேன். மூன்று இடி, ஓரத்தில் ஒரு தட்டு. மூன்று இடி, ஓரத்தில் ஒரு தட்டு. அதன்மேல் அந்தப் பாட்டு. பின்னறையில் வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததே, அதேதான். இப்போது எங்கேயும் நிற்காமல் நேராக ஓடியது.

எழுந்து நின்றுவிட்டேன். பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மாவிடம், "இது என் மருமகள் செய்தது. அந்த இடி என் உரல்" என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். "யா கே, மாச்சிக்?", அப்படியா என்று கேட்டு அந்த அம்மா டிவியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அதற்குள் என் நம்பரைக் கூப்பிட்டுத் தாண்டிவிட்டார்கள். மாத்திரை வாங்க இன்னும் ஒரு மணி நேரம் ஆனது. அந்த விளம்பரம் மறுபடி வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் திங்கட்கிழமைக்குப் போட வேண்டிய சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"திங்கக்கெழம போகாதே" என்றேன்.

"போகலன்னா உங்க மானம் என்னாகுறது அத்தை?" தலை நிமிராமல் கேட்டாள்.

"அத நான் பாத்துக்கிறேன். டிவில வந்துச்சு."

"என்ன வந்துச்சு?"

"என் உரலு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "எந்த விளம்பரம்? வேற யாராவது இடிச்சதா இருக்கும் அத்தை."

"மூணு இடி, ஓரத்துல ஒரு தட்டு. நாப்பது வருஷமா இடிக்கிறேன், என் கை எனக்குத் தெரியாதா? அந்தப் பாட்டும் நீ ஒரு மாசம் போட்டு அரைச்சதுதான். மீன் வறுக்கிற இடத்துல வருது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "லிஸ்ட் வர்ற வரைக்கும் எனக்கே தெரிஞ்சிருக்காது அத்தை" என்றாள். இரண்டு தடவை சொன்னாள். திங்கட்கிழமை போகமாட்டேன் என்று மட்டும் சொல்லவில்லை.

மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லை. ஏழு பிள்ளைகளில் ஒருத்தரிடமும் கேட்டதில்லை. அன்றும் வாயில் வரவில்லை. அலமாரியைத் திறந்து சிவப்புத் துண்டை எடுத்தேன். பின்னறைக் கதவின் கைப்பிடியில் தொங்கவிட்டேன். பருப்பு வெந்துகொண்டிருந்த குக்கரை நிறுத்தினேன்.

"உள்ள யாரும் இல்லையே அத்தை" என்றாள்.

"நீ போனா இருப்பே" என்றேன்.

எழுந்து இஸ்திரிப் பெட்டியை அணைத்தாள். பிறகு பின்னறைக்குள் போனாள். அன்று பருப்பு அரைவேக்காடுதான். யாரும் குறை சொல்லவில்லை. திங்கட்கிழமை வந்தது, அவள் போகவில்லை.

வாயால் சொன்னதை வீடு வீடாகப் போய்த் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். என் மருமகள் லைப்ரரியில் வேலை செய்யவில்லை. வீட்டிலிருந்து மியூசிக் செய்கிறாள், அதில்தான் சம்பாதிக்கிறாள். மலர் வேலையைச் செயலாளர்தான் பார்க்கிறார், இதையும் அவர்தான் முதலில் படிப்பார். படிக்கட்டும்.

பேத்தி பள்ளி விட்டு வந்துவிட்டாள். கண்ணு, இங்க வா. பாட்டி எழுதினத படிச்சுக் காட்டு. தப்பு இருந்தா சொல்லு, லைப்ரரி வர்ற எடத்துல மட்டும் சிரிக்காதே. மெதுவா படி, கதவுல துண்டு தொங்குது.