எட்டு பில்ஸ்னரில் எள்ளு வாசனை

போன வெள்ளிக்கிழமை, காலை பதினொன்றிலிருந்து பன்னிரண்டரைக்குள், எட்டு பீர்களுக்கு நான் அநியாயம் செய்தேன். வேண்டுமென்று அல்ல. விதிமுறைகளை ஒவ்வொன்றாக டிக் அடித்துவிட்டுத்தான் செய்தேன்.

செம்பூரில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. தண்ணீர், எண்ணெய், ஊறுகாய் — எது வந்தாலும் அளந்து, முகர்ந்து, எழுதிக் கொடுப்போம். பீரை ருசித்து மதிப்பெண் போடவும் ஒரு பயிற்சி உண்டு, தேர்வும் உண்டு. போன வருஷம் பாஸ் செய்தேன். பலன் — தாணேயில், பீர் காய்ச்சும் சின்ன ப்ரூவரிகளுக்கு நடந்த போட்டியில் நடுவர் நாற்காலி. என் முதல் நாற்காலி. பிரிவு: செக் நாட்டுப் பாணி பில்ஸ்னர் பீர்.

செக் பில்ஸ்னரில் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது. பழச்சாறு இல்லை, மசாலா இல்லை. பொன் நிறம், மேலே கெட்டியான வெள்ளை நுரை, ரொட்டி போல மெல்லிய இனிப்பு, பின்னாலேயே வந்து உட்காரும் கசப்பு. அவ்வளவுதான். தப்பு நடந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்... நம் மூக்கு ஒழுங்காக இருந்தால்.

எட்டில் ஒன்று செல்வம் செய்தது. செல்வம் தாராவிக்காரன், அப்பா, அம்மாவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். மைக்ரோபயாலஜி படித்துவிட்டுத் தாணேயில் ஒரு ப்ரூவரியில் இருக்கிறான். தண்ணீர் சாம்பிளுடன் எங்கள் கூடத்துக்கு வந்து பழக்கம். முந்தின நாள் போன் செய்தான்.

"யக்கா, நீங்க ஜட்ஜுன்னு கேள்விப்பட்டேன். நான் ஒண்ணும் கேக்கல, பாத்துக்கிடுங்க."

"கேட்டாலும் பிரயோஜனம் இல்ல. டம்ளர்ல நம்பர்தான் இருக்கும், பேர் இருக்காது."

"தெரியும்க்கா. எங்க மொதலாளி சேட் என்ன சொல்லுதாருன்னா, மெடல் வரலைன்னா என் பில்ஸ்னர் டேங்க்ல இனிமே மேங்கோ பீர்தானாம். ஆறு மாசம் கெஞ்சி வாங்குன டேங்க்கு யக்கா! மாம்பழ எசென்ஸ் ஊத்தவா நான் இவ்வளவு படிச்சேன்?"

போட்டி நடத்தும் பெண்ணிடம், ஒரு ப்ரூவரை எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டேன். "மும்பையில யாருக்கு யாரைத் தெரியாது மேடம்?" என்று சிரித்தார்.

நடுவர்களுக்கு விதிமுறைகள் வந்திருந்தன. சென்ட் கூடாது. டியோடரண்ட் கூடாது. லிப்ஸ்டிக் கூடாது — அதன் பிசுக்கு நுரையைக் கொன்றுவிடும். மசாலா சாப்பிடக் கூடாது. காபி கூடாது. ஐந்துக்கும் டிக். ஆனால் எங்கள் வீட்டில் ஒருத்தி காலையில் காபி வேண்டாம் என்றால் அது சும்மா போய்விடுமா?

"காப்பி வேண்டாமா? என்னடி, உடம்புக்கு என்ன?"

"பீர் ஜட்ஜ் பண்ணப் போறேம்மா. எட்டு பீர். காபி குடிச்சா நாக்கு செத்துடும்."

அம்மாவுக்கு பீர் ஒரு பிரச்சினை இல்லை. உஷ்ணம்தான் பிரச்சினை.

"எட்டா? இந்த வெயில்லயா? தலை கொதிச்சுடும். வெள்ளிக்கிழமைதானே, ஒக்காரு. எண்ணெய் வைக்கறேன்."

"ஒவ்வொண்ணுலயும் ரெண்டு வாய்தாம்மா..."

"ரெண்டு வாயோ, ரெண்டு குடமோ. ஆனா ஒண்ணு. எண்ணெய் தேச்சுண்ட அன்னிக்கு ஜில்லுன்னு எதுவும் குடிக்கப்படாது. வெதுவெதுப்பா தரச் சொல்லு."

வெதுவெதுப்பான பில்ஸ்னர்! நல்லவேளை, செல்வம் காதில் விழவில்லை.

காய்ச்சிய நல்லெண்ணெய் உச்சந்தலையிலிருந்து நுனிவரை இறங்கியது. சீயக்காய் பாதி தேய்த்திருந்தபோது குழாயில் தண்ணீர் நின்றது. எங்கள் பில்டிங்கில் தண்ணீர் நேரம் முடிந்தால் முடிந்ததுதான். இருந்த ஒரு வாளியில் சமாளித்துக்கொண்டு, குர்லாவில் ரயில் மாறி, தாணேக்குப் போய்ச் சேர்ந்தேன். விதிமுறைகளை ரயிலில் இன்னொருமுறை பார்த்தேன். நல்லெண்ணெயைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

என் மேசையில் என்னுடன் குல்கர்னி சார். ஓய்வுபெற்ற கெமிஸ்ட், பல வருஷ நடுவர். பேசக் கூடாது, தனித்தனியாக எழுத வேண்டும், எட்டும் முடிந்த பிறகு ஒப்பிட வேண்டும்.

முகர்வதற்கு ஒரு முறை இருக்கிறது. டம்ளரின் வாயை உள்ளங்கையால் மூடி, ஒரு சுற்று சுற்றி, கையை எடுத்த கணத்தில் மூக்கை வைக்க வேண்டும். எனக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. எழுதும்போது நெற்றியில் விழும் முடியைக் காதுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே இருப்பேன். இந்த இரண்டையும் நீங்கள் சேர்த்துப் பார்த்துவிட்டீர்கள் இல்லையா? எனக்குத்தான் தோன்றவில்லை.

முதல் பீர் — நுரை நிற்கவில்லை. இரண்டாவது — நிற்கவில்லை. நாலாவது வந்தபோது எனக்குக் கோபமே வந்துவிட்டது. இதுவா செக் பாணி? எட்டுக்கும் நுரையில் பூஜ்யம் போட்டேன்.

ஒப்பிடும் நேரம். குல்கர்னி சார் எட்டுக்கும் நுரையில் முழு மதிப்பெண் போட்டிருந்தார். அவர் டம்ளரில் நுரை விரல் உயரத்துக்கு நின்றது. என்னுடையது பந்தி முடிந்த இலைபோலக் கிடந்தது.

"பேட்டி, சஷ்மா லகாவோ," என்றார் அன்பாக. 'மகளே, கண்ணாடி போட்டுக்கொள்' என்கிறார்.

அவர் தாளைப் பார்த்தேன். எட்டிலும் 'தில்குள்' என்று எழுதியிருந்தார். சங்கராந்திக்கு இந்த ஊரில் கொடுக்கும் எள்ளுருண்டை. பீர் பழசானால் இப்படிப் பருப்பு வாசனை வரலாம் என்று எட்டுக்கும் மணத்தில் பாதியை வெட்டியிருந்தார்.

"சார், எனக்கு எதிலயுமே எள்ளு வரலையே?"

"நாக் பந்த் ஹை க்யா?"

மூக்கு அடைத்திருக்கிறதா என்று கேட்கிறார்! எனக்குக் கண் சரியில்லை என்று அவருக்குச் சந்தேகம். அவருக்கு வயதாகிவிட்டது என்று எனக்கு.

பட்டியல் போட்டேன். பீரா? எட்டும் வேறு வேறு ப்ரூவரி. டம்ளரா? இருவருக்கும் ஒரே ட்ரே. மீதி இருப்பது... ஒரு டம்ளரில் குடிதண்ணீர் ஊற்றி, உள்ளங்கையால் மூடி, சுற்றித் திறந்தேன். தண்ணீர்மேல் சின்னச் சின்ன வானவில் வட்டங்கள். அவரிடம் நீட்டினேன்.

முகர்ந்தார். "தில்குள்!" என்றார், வெற்றியுடன்.

தாள்களை இன்னும் கொடுத்திருக்கவில்லை. பேசாமல் இருந்துவிடலாமா? எட்டுக்கும் ஒரே மாதிரிதானே கெடுத்திருக்கிறேன், வரிசை மாறாதே... என் முதல் நாற்காலி வேறு. ஆனால் அந்த வாசனைக்கு அடியில் இன்னும் என்னவெல்லாம் மறைந்திருக்கிறதோ, யாருக்குத் தெரியும்? அதில் ஒருவனுடைய டேங்க் இருக்கிறது.

"சார்... அந்தத் தில்குள் நான்தான்."

தலையிலிருந்து கைக்கு, கையிலிருந்து டம்ளருக்கு; பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு எள்ளு வாசனை, காலையிலிருந்து அதிலேயே ஊறிய என் மூக்குக்கு மட்டும் ஒன்றுமில்லை. விளக்கி முடித்தபோது அவர் மேசையில் தலையைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஸ்பேர் பாட்டில்களைத் திறந்தார்கள். நான் மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன். சமையலறையிலிருந்து நீல நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தொப்பி வந்தது. அதை நான் மாட்டிக்கொண்டதும், இருவரும் முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அடடா, என்ன நுரை! எட்டிலும் நின்றது. முதல் சுற்றில் எங்கள் இருவருக்குமே முதலிடம் ஐந்தாம் நம்பர்தான். இப்போது அதை முகர்ந்தால்... வெண்ணெய். செக் பாணியில் லேசாக இருந்தால் குற்றமில்லை. இது சினிமா தியேட்டர் பாப்கார்ன். முதலிடம் நாலாமிடமாகியது. மெடல் மூன்றுதான்.

அந்தத் தாளில் எழுதினேன்: 'எட்டில் மிக நன்றாகத் திட்டமிட்ட பீர் இதுதான். இன்னும் இரண்டு மூன்று நாள் டேங்கில் விட்டிருந்தால் ஈஸ்ட்டே இந்த வெண்ணெய் வாசனையைத் தின்று தீர்த்திருக்கும். அவசரம் கெடுத்துவிட்டது.' இருவரும் கையெழுத்துப் போட்டோம்.

பெயர்களை வாசித்தார்கள். ஐந்தாம் நம்பர் — செல்வம்.

வெளியே வந்தவனிடம் நடந்ததைச் சொன்னேன். தொப்பியைக் கழற்ற மறந்திருந்தேன்.

"அப்ப மொதல்ல நான்தான் ஃபர்ஸ்ட்டா யக்கா?"

"ஆமா."

"அப்புறம் எதுக்குக்கா கைய கழுவுனீங்க?"

தாளை நீட்டினேன். படித்தான். மறுபடி படித்தான்.

"யக்கா! ரெண்டு நாள் விடுங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். இவருதான் காலி பண்ணு, காலி பண்ணுன்னு..."

பக்கத்தில் நின்ற சேட்டின் கையில் தாளைத் திணித்தான். அவர் நிதானமாகப் படித்தார். கடைசியில் இருந்த கையெழுத்துகளை இன்னும் நிதானமாகப் பார்த்தார். "டீக் ஹை," என்றார். "ஏக் பேட்ச் அவுர். தோ தின் ஜ்யாதா." சரி, இன்னொரு தடவை, இரண்டு நாள் கூடுதலாக. செல்வம் வாயால் சொன்னபோது ஏறாதது, இரண்டு கையெழுத்துடன் தாளில் வந்ததும் ஏறிவிட்டது. மாம்பழம் காத்திருக்கும்.

எட்டு பேர் சேர்ந்து ஒரே தப்பைச் செய்கிறார்கள் என்று நமக்குத் தோன்றினால், முதலில் நம் கையை முகர்ந்து பார்ப்பது நல்லது. ஆபீஸில், வீட்டில்... முக்கியமாக ஹவுசிங் சொசைட்டி மீட்டிங்கில்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நுரை, தில்குள், நீலத் தொப்பி, செல்வத்தின் டேங்க் — ஒன்று விடாமல். பொறுமையாகக் கேட்டாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். ஜில்லுன்னா குடிச்சே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல் முந்திக்கொண்டது.