குலுங்காமல் நின்ற வண்டி

அந்தப் பகுதியில் கார் ஓட்டும் பெண்களில் பாதிப் பேர் பிரேக்கம்மாவிடம் திட்டு வாங்கியவர்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு; அது ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் பத்திரமாக இருக்கிறது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்! பிரேக்கும்மா!" என்று அவள் போடும் சத்தம் மூன்று தெருவுக்குக் கேட்கும். அந்தச் சத்தம் வாங்கிக் கொடுத்த பட்டம் அது. நேரில் அப்படிக் கூப்பிட யாருக்கும் தைரியம் கிடையாது.

இருபத்திரண்டு வருஷமாகப் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பதுதான் தொழில். அவளுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாடம் முடிந்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, மடியில் நோட்டைப் பிரித்து, எத்தனை மணிக்கு என்ன தப்பு நடந்தது என்று ஒரு வரி எழுதுவாள். கற்றுக்கொள்பவர் அதன் கீழே கையெழுத்துப் போட வேண்டும். தப்பை ஒத்துக்கொண்டால்தான் திருந்த முடியும் என்பது அவள் கட்சி. அந்த வரியை எதிர்த்துப் பேசி ஜெயித்தவர்கள் இதுவரை ஒருவரும் இல்லை.

ஏழு மாதத்துக்கு முன்னால் பழைய காரை விற்றுவிட்டுப் புதுசு எடுத்தாள். தன் பக்கத்திலும் கிளட்ச், பிரேக் வைத்துக்கொண்டாள். அந்த வண்டியில் ஓட்டிப் பழக வந்து சேர்ந்தவள்தான் தையல்காரி.

தையல்காரிக்கு நாற்பது வயது. பள்ளிச் சீருடை தைத்துக் கடைகளுக்குக் கொடுப்பவள். மூட்டைகளைக் கொண்டு போய்ச் சேர்க்க அவள் கொழுந்தனைத்தான் நம்ப வேண்டியிருந்தது. அவனுக்கோ மனசு வந்தால்தான் வண்டி கிளம்பும். இரண்டு தடவை சரக்கு தாமதமாகி, ஒரு கடை கையை விட்டுப் போய்விட்டது. "சின்னதா ஒரு வேன் வாங்கி நானே ஓட்டணும் அக்கா, யார் முகத்தையும் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாது" என்று முதல் நாளே சொன்னாள். கை படிந்துவிட்டது, வளைவுகளை அழகாக எடுத்தாள். ஆனால் பாடம் முடியப்போகும் நேரத்தில் சிக்னலில் நின்றால், எஞ்சின் பொசுக்கென்று அணைந்துவிடும்.

"கிளட்ச்சை அவசரப்பட்டு விட்டுட்ட."

"இல்லக்கா. கால் கிளட்ச்லயேதான் இருக்கு. வண்டி குலுங்கக்கூட இல்லையே. இருபது வருஷமா மெஷின் மிதிக்கிற கால் அக்கா இது, எனக்குத் தெரியாதா?"

"எனக்கே பாடம் எடுக்காதம்மா. கையெழுத்துப் போடு."

போட்டாள். ஆறாவது தடவை, நாலு ரோடு சேரும் இடத்தில் நட்டநடுவே நின்றது. பின்னால் இரண்டு பஸ், அதற்கும் பின்னால் ஊரே ஹாரன். பிரேக்கம்மாவுக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "உனக்கு அந்தத் தையல் மெஷின்தாம்மா சரி. அது நின்னா யாரும் ஹாரன் அடிக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். தையல்காரி வண்டியை மறுபடி கிளப்பினாள். ஓரத்தில் நிறுத்தியதும் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்கினாள். மறுநாள் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. சில பேருக்கு வராது, என்ன செய்வது என்று பிரேக்கம்மா நோட்டின் பக்கத்தைத் திருப்பிவிட்டாள்.

ஒரு மாதம் கழித்து, பாடமெல்லாம் முடித்து அவளே தனியாக வீட்டுக்கு ஓட்டி வந்தபோது, அதே சிக்னலில் வண்டி அணைந்தது. தன் காலைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. அதனால் வண்டியைச் சந்தேகப்பட்டாள். தையல்காரியின் ஞாபகம் அப்போதும் வரவில்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கார் வாங்கிய ஷோரூமில் கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் வரவேற்பு எல்லாம் இருந்தன. காலையில் வண்டியை வாங்கி, வளாகத்துக்குள் இரண்டு சுற்று ஓட்டி, மாலையில் கழுவித் துடைத்துக் கொடுத்தார்கள். கூடவே கொடுத்த சர்வீஸ் சீட்டில் 'குறை எதுவும் தென்படவில்லை' என்று எழுதியிருந்தது. இரண்டாம் முறையும் அதே வரி. மூன்றாம் முறை சர்வீஸ் மேனேஜர் அவளை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பதமாகச் சொன்னார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. கத்துக்கிறவங்க ஓட்டுற வண்டி. அணையத்தானே செய்யும்?"

"நான் ஓட்டும்போதும் அணைஞ்சுது தம்பி. தேதி, மணி எல்லாம் வச்சிருக்கேன். பாருங்க" என்று நோட்டை மேஜை மேல் போட்டாள்.

அவர் பொறுமையாகப் புரட்டினார். பிறகு ஒரு விரலை வைத்து வாசித்தார். "'எஞ்சின் அணைந்தது. கிளட்ச் அவசரம்.' கீழ கையெழுத்து. இங்கயும் 'கிளட்ச் அவசரம்'. இது உங்க எழுத்துதானே மேடம்? வண்டி மேல தப்பு இல்லன்னு நீங்களே பதினேழு இடத்துல எழுதிக் கொடுத்திருக்கீங்க."

 பிரேக்கம்மா நோட்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் மேனேஜரைத் திட்டினாள். திட்டத் திட்ட அது தன் பக்கமே திரும்பி வருவதுபோல் இருந்தது.

வீட்டுக்காரர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். வீட்டில் ஒருவர் பேசினால் போதும் என்று வாழ்கிற மனுஷர். அவள் வீசிய நோட்டை எடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டி, பழக்க தோஷத்தில் முதல் பக்கத்திலிருந்து படித்தார்.

"இதுல எத்தனை பேர் இருக்காங்க?"

"அஞ்சு பேர். ஏன்?"

"அஞ்சு பேரும் ஒரே தப்பை, பாடத்தோட கடைசிக் கால் மணியிலயே பண்ணியிருக்காங்களே. எங்க ஆபீஸ்ல எல்லாப் பக்கத்துலயும் ஒரே எழுத்து உடைஞ்சிருந்தா, எழுதினவரைத் திட்ட மாட்டோம். மெஷினைத்தான் பாப்போம்."

மறுநாள் மாலை அவள் மறுபடியும் ஷோரூமில் நின்றாள். "ஒரே ஒரு மணி நேரம் தம்பி. நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். அதுக்கப்புறம் உங்க பக்கமே திரும்பிப் பாக்க மாட்டேன்." அந்தக் கடைசி வாக்கியத்துக்காகவே அவர் சம்மதித்திருக்க வேண்டும்.

ஏசியைப் போட்டுக்கொண்டு, நெரிசலில் ஊர்ந்தார்கள். அரை மணி ஆயிற்று. முக்கால் மணி ஆயிற்று. மேனேஜர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். அந்தச் சிக்னலில் சிவப்பு விழுந்தது. வண்டி நின்றது. இரண்டு மூச்சு விட்டிருப்பார்கள், எஞ்சின் பொசுக்கென்று அணைந்தது.

"கிளட்ச்சை அவசரப்பட்டு விட்டுட்டீங்க!" என்றாள் பிரேக்கம்மா. இருபத்திரண்டு வருஷத்து வாய், அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

மேனேஜர் பதறிப்போய்ச் சொன்னார். "இல்லைங்க மேடம்! பாருங்க, கால் இன்னும் கிளட்ச்லயேதான் இருக்கு. வண்டி குலுங்கக்கூட இல்லையே!"

பிரேக்கம்மா அவர் காலைப் பார்த்தாள். பின்னால் ஹாரன் அடித்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம் வரவில்லை. அதே வார்த்தையை ஒருத்தி ஆறு தடவை சொல்லியிருக்கிறாள். கிளட்ச்சை விட்டு அணைந்தால் வண்டி குலுங்கும் என்று பாடம் எடுத்தவளே பிரேக்கம்மாதான். தன் சத்தத்தில் அவளுக்கு வண்டியின் சத்தம் கேட்காமல் போயிருக்கிறது.

சூடேறினால் வேலை செய்யாமல் போகும் ஒரு சென்சாரை இரண்டு நாளில் மாற்றிக் கொடுத்தார்கள். மேனேஜர் மன்னிப்புக் கேட்டார். "அது இருக்கட்டும் தம்பி. ஓட்டினவங்க மேல தப்பு இல்லன்னு சீட்டுல எழுதிக் கொடுங்க" என்றாள். அப்படியெல்லாம் எழுதுவதில்லை என்றார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் எழுதிவிட்டார்.

பிரேக்கம்மா வீடு தேடிப் போனபோது தையல்காரி சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். மூலையில் கட்டிய மூட்டைகள் ஆளுயரத்துக்குக் கிடந்தன. பிரேக்கம்மா சீட்டை மெஷின் மேல் வைத்தாள். நோட்டைப் பிரித்து, ஆறு வரிகளையும் அவள் கண்ணெதிரே அடித்தாள்.

"தப்பு என்னோடதும்மா. வண்டியோடதுகூட அப்புறந்தான். உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

தையல்காரி சீட்டை இரண்டு முறை படித்தாள். "வேன் வேணாம்னு சொல்லிட்டேன் அக்கா. எனக்கு வராதுன்னு எல்லார்கிட்டயும் நானே சொல்லிட்டேன். என் காலையே நான் நம்பலையே" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பாதி தைத்த காலரைத் தைத்து முடித்தாள். பிரேக்கம்மா மூட்டைகளுக்கு நடுவே நின்றுகொண்டே காத்திருந்தாள்.

மறுநாள் ஆறரை மணிக்குத் தையல்காரி வந்தாள். நாற்பது நிமிஷம் போனது; சிக்னலில் வண்டி சமர்த்தாக நின்று சமர்த்தாகக் கிளம்பியது. திரும்பும் வழியில் ஒரு மேட்டில் அணைந்தது. ஹாரன் அடித்தார்கள். பிரேக்கம்மா நோட்டைப் பிரித்தாள், பேனாவைத் திறந்தாள், பிறகு அப்படியே மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு? நீ சொல்லு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் யாரிடமும் கேட்காத கேள்வி அது. தையல்காரி சிரித்தாள்.

"குலுங்கிச்சு அக்கா. இது நான்தான்."

சொன்னதைச் சொன்னபடியே பிரேக்கம்மா எழுதிக்கொண்டாள்.