உண்ணாமலை தேய்த்த வேல்

எடப்பாடிப் பக்கம் எங்கள் ஊர் முனியப்பன் கோயிலில், வேண்டிக்கொண்டவர்கள் இரும்பு வேல் ஒன்றை வாசலில் நட்டுவிடுவார்கள். நட்டதை யாரும் பிடுங்கக் கூடாது. மேட்டூரில் அணை கட்டிய காலத்தில் செங்கோடன் அங்கே கல் தூக்கப் போனார். அவர் கை கால் சேதமில்லாமல் திரும்ப வேண்டுமென்று அவர் மனைவி உண்ணாமலையும் ஒரு வேல் நட்டாள். வேறு இடம் இல்லாததால் வேப்பமரத்தை ஒட்டி நட்டாள்.

முதல் மழையிலேயே அது மஞ்சள் பூசியது போலாகி, பிறகு செங்காவியாகிவிட்டது. மரத்தடியில் சுண்ணாம்பு அடித்த மேடையில் சிவப்பாக வழியவும் செய்தது. பக்கத்து வீட்டு ராமாயிக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏம்புள்ள, உன்ற வேலு ரத்தமா ஒழுகுதே! உங்கூட்டுக்காரருக்கு ஒண்ணும் ஆகலையே?"

சொன்னவள் நிம்மதியாகப் போய்விட்டாள். கேட்டவளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. மற்ற வேலெல்லாம் கறுப்பாக நிற்கும்போது இது மட்டும் ஏன் சிவக்கிறது?

பித்தளைச் சொம்பு துலக்குவதில் உண்ணாமலையை மிஞ்ச ஆளில்லை. அந்தத் தைரியத்தில் அமாவாசை தவறாமல் புளியும் மணலும் கொண்டுபோய் வேலையும் தேய்த்தாள். பளபளவென்று ஆகிவிடும். மனசு குளிர்ந்து வீடு வருவாள். அடுத்த அமாவாசைக்குப் போனால் பழையபடி செங்காவி! மேட்டூரில் என்ன நடக்கிறதோ! இன்னும் அழுத்தித் தேய்ப்பாள். பாவம், வேறென்ன செய்வாள்?

ஒருநாள் கையிலிருந்த புளி நழுவி மரத்துக்கும் வேலுக்கும் நடுவே விழுந்தது. எடுக்கப் போன விரல் வேலின் பின்பக்கத்தில் பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தால் விரலில் சிவப்பே இல்லை. முன்பக்கம் தொட்டாள், செம்பொடி ஒட்டியது. கன்னத்தை மரத்தில் வைத்து எட்டிப் பார்த்தாள். அவள் கை எட்டாத பக்கம் கருப்பட்டி நிறத்தில் கெட்டியாக இருந்தது.

"அட முனியப்பா! தேச்சுத் தேச்சு நாந்தான் இத ஆற உடலையா?" என்றாள்.

புரிந்துவிட்டது, ஆனாலும் சும்மா இருப்பது லேசில்லை. மழைக்காலம் முழுக்க அது சிவந்துதான் நின்றது. ராமாயி பார்த்த பார்வைக்கு வேறு யாராவது புளியைத் தேடி ஓடியிருப்பார்கள். உண்ணாமலை கையைக் கட்டிக்கொண்டு, தினமும் ஒரு விரலால் மட்டும் தொட்டுப் பார்த்து வந்தாள். சிவப்பு மங்கிப் பழுப்பானது. அடுத்த மழைக்குப் பிறகு கறுத்தது. விரலில் ஒட்டுவதும் நின்றது.

அணை வேலை முடிந்து ஒரு மத்தியானம் வீட்டு வாசலில் யாரோ வந்து நின்றார். உண்ணாமலைக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஏனுங்க, யாரு வேணுமுங்க?"

"என்னயத் தெரியலையா புள்ள?"

செங்கோடன்தான். மேட்டூர் வெயில் ஆளை அப்படி மாற்றியிருந்தது.

"என்னங்க இப்படிக் கறுத்துட்டீங்க!"

கிட்டே வந்து கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். எல்லாம் சரியாக இருந்தன. பிறகு அவர் முழங்கையில் ஒரு விரலை வைத்து இழுத்து, அந்த விரலைத் திருப்பிப் பார்த்தாள். எதுவும் ஒட்டவில்லை. அதன்பிறகுதான் அழுதாள்.