ஷீபாவுக்கு இடது பக்கம்

பாலாநகர் தொழிற்சாலையில் சால்டரிங் செக்‌ஷனுக்கு ஷீபாவை இன்சார்ஜ் ஆக்கிய அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஈயம் பற்றவைத்த ஜாயின்டை லென்ஸ் வைத்துப் பார்க்க அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான். போலாரத்துப் பெண், நேற்று வந்தவள். மேனேஜர் என்னிடம், "ரூத்தம்மா, நீங்க சீனியர்தான். ஆனா கம்ப்யூட்டர் வேலைக்கு அவங்கதானே கரெக்ட்?" என்றார்.

மதிய இடைவேளையில் கேன்டீன் பின்னால் ஷீபா உட்பட நாங்கள் ஆறேழு பேர் ஜெபத்துக்குக் கூடுவோம். ஒரு வேதப்பகுதியை வாசித்துவிட்டு, வட்டமாக உட்கார்ந்து, அவரவர் வலது பக்கம் இருப்பவருக்காக வாய்விட்டு ஜெபிப்பது எங்கள் வழக்கம். அவளுக்காக ஜெபிக்க வேண்டிவருமே என்று ஷீபாவுக்கு இடது பக்கம் மட்டும் உட்காராமல் ஒரு மாதம் ஓட்டினேன். ஒரு நாள் வேலை இழுத்துவிட்டது. நான் போனபோது அந்த இடம்தான் காலி.

வாசித்தது திராட்சைத் தோட்டக் கூலிக்காரர் கதை. காலையிலேயே வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலி. எப்போதும் நான் காலையில் வந்தவன் கட்சி. கடைசியில் வந்தவனுக்கு நான் நல்லது செய்தால் உனக்கேன் பொறுக்கவில்லை என்று எஜமான் கேட்கும் இடத்தில், என்னையே பெயர் சொல்லிக் கேட்டதுபோல் இருந்தது.

என் முறை வந்தது. "ஆண்டவரே, சகோதரிக்கு ஞானத்தையும் பெலனையும் தாரும்" என்று மளமளவென ஆரம்பித்தேன். சால்டரிங்கில் டிரை ஜாயின்ட் என்று சொல்வோம். மேலே பிடித்த மாதிரி தெரியும், உள்ளே பிடித்திருக்காது. என் ஜெபம் அப்படித்தான் இருந்தது. நிறுத்தினேன்.

"ஆண்டவரே, பொய் சொல்ல முடியல. இவளப் பாத்தாலே எனக்கு எரியுது. அந்த வேலை எனக்கு வந்திருக்கணும். இவ நல்லாருக்கணும்னு கேக்க மனசு வரல்ல. நீரே பாத்துக்கிடும்."

ஜெபம் முடிந்தால் எல்லோரும் ஆமென் சொல்வார்கள். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஐயோ, மானம் போச்சே என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"ஆமென்" என்றது ஒரு குரல். ஷீபா.

வெளியே வந்ததும், "ஹவ், ஆமாக்கா, எனக்குத் தெரியாதா? ஒரு மாசமா என் முகத்தையே பாக்கலையே நீங்க. நாளைக்கும் இங்கயே உக்காருங்க" என்றாள்.

பொறாமை அன்றே போய்விட்டது என்றால் அது புளுகு. மறுநாளும் எரிந்தது. மறுநாளும் அவளுக்கு இடது பக்கமே உட்கார்ந்தேன். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளே, உங்களுக்கும் யார்மீதாவது எரியும். அதைக் கேன்டீனில் கொட்டாதீர்கள். கர்த்தரிடம் போய், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

பல மாதம் கழித்து ஒரு மதியம், "இவளை ஆசீர்வதியும்" என்று வாயில் வந்தது. மனசும் கூடவே வந்தது. எல்லோரும் ஆமென் சொன்னார்கள். ஷீபாவால்தான் சொல்ல முடியவில்லை, அழுதுகொண்டிருந்தாள்.