பென்சிலில் சுற்றிய ஐந்து கம்பிகள்

ஏசியின் குளிரைக் கூட்டிக் குறைக்கும் பழைய தெர்மோஸ்டாட் பெட்டியிலிருந்து ஐந்து கம்பிகளையும் கழற்றிய கையோடு, அவற்றை ஒரு குட்டைப் பென்சிலில் சுற்றிவிட்டார் நெஸ்டர் கீவிஸ். "விட்டா சுவர் உள்ள இழுத்துக்கும். அப்புறம் சுவரை உடைச்சுத்தான் தேடணும்." பாலைவன நகரான யூமாவில் இருபத்தாறு வருடங்களாக ஏசி மாட்டுகிறவர். பென்சில் எப்போதும் காதிலிருக்கும். அதை வைத்து அவர் எழுதிப் பார்த்தவர் யாருமில்லை.

"சுவருக்குப் பாடம் சொல்லித் தரப்போறியா தம்பி?" என்று கேட்டார் லவோன் பெட்ரியம்மாள். எழுபத்தொன்பது வயது. ஜூன் வெயிலில், வீட்டுக்குள்ளேயே, இறந்துபோன கணவர் ஹார்லனின் கம்பளிச் சட்டையைப் போட்டிருந்தார்.

"படிக்கிற சுவரா இருந்தா என்னை எதுக்கும்மா கூப்பிடுறீங்க?"

அம்மாள் சிரிக்கவில்லை. "ஹார்லன் லெட்டூஸ் கீரைக் குளிர்கிடங்குலேருந்து நாலு மணிக்கு வருவார். தொப்பியைக் கழட்டறதுக்கு முன்னாடி இந்தப் பெட்டியோட முள்ளை அறுபத்தெட்டு டிகிரிக்குத் தள்ளுவார். மார்ச்சுல போயிட்டார். ஆனா இன்னமும் நாலடிச்சா வீடு ஜில்லுனு ஆயிடுது. முள்ளு எழுபத்தெட்டுலயேதான் நிக்குது. 'உங்கப்பா வந்துட்டார்'னு பொண்ணுகிட்ட வாய் விட்டுட்டேன். எனக்கு மூளை கலங்கிடுச்சுன்னு முடிவு கட்டிட்டா. சனிக்கிழமை என்னை ஓஹையோவுல இருக்கிற தன் வீட்டுக்கே கூட்டிட்டுப் போக வர்றா. நாப்பது வருஷ வீடு தம்பி!"

நெஸ்டருக்கு இது புதிதல்ல. மேற்கு வெயிலில் பரண் அடுப்பாய்க் காயும். அந்த அனல், கம்பி வரும் துளை வழியே இறங்கித் தெர்மோஸ்டாட்டின் முதுகைச் சுடும். அறையே கொதிப்பதாக ஏமாந்து அது ஏசியை விரட்டிக்கொண்டேயிருக்கும். துளையில் மக்குப் பசை வைத்து அடைத்தால் பேய் ஓடிவிடும்.

பழைய பெட்டி இருந்த இடத்தில், பெயின்ட் படாத சுவரில், பென்சில் எழுத்து: '68. தொடாதே லவோன்.'

"செத்தும் அதட்டுது பாரு, மனுஷன்!" அம்மாளின் கண்கள் நிறைந்துவிட்டன.

மணி நான்கு. ஏசிக்கு மின்சாரம் போகும் பிரேக்கரை அணைத்து ஒரு மணி நேரமாகியிருந்தது. வெளியே நூற்றுப்பதினான்கு டிகிரி பாரன்ஹீட், வீடு புழுங்கியது. அனல் வருகிறதா என்று பார்க்க, வழக்கம்போல் உள்ளங்கையைத் துளையில் வைத்தார் நெஸ்டர். வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார். மணிக்கட்டில் மயிர் சிலிர்த்தது.

அனல் இல்லை. ஐஸ்பெட்டியைத் திறந்தாற்போல் குளிர். கூடவே, நசுங்கிய லெட்டூஸ் இலையின் ஈர வாசனை.

அப்போது மகள் போனில் வந்தாள். அம்மாள் போனை நெஸ்டரிடம் நீட்டினார்.

"உண்மையைச் சொல்லுங்க. என்னதான் இருக்கு அங்க?"

நெஸ்டர் துளையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அனல் காத்து மேடம். ஓட்டை வழியா இறங்குது. நாலு மணின்னு உங்கம்மா சொன்னது டாண்ணு சரி. இவ்வளவு கவனிச்சவங்களுக்கா மூளை கலங்கியிருக்கும்?"

மகளின் குரல் தணிந்தது. "அப்ப... சனிக்கிழமை சும்மா பார்த்துட்டுப் போறேன்."

அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

நெஸ்டர் சிவப்பை மின்சாரத்துக்கும், மஞ்சளைக் கம்ப்ரசருக்கும், பச்சையை விசிறிக்கும், மிச்ச இரண்டை அதனதன் இடத்திலும் புதிய தெர்மோஸ்டாட்டில் முடுக்கினார். பென்சில் காதுக்குத் திரும்பியது. மக்கை உருட்டித் துளையை அடைத்தார். மூடியை மாட்டப் போனபோது பின்னாலிருந்து மெல்லிய குரல் கேட்டது.

"முழுசா அடைச்சுட்டியா தம்பி?"

நெஸ்டர் மூடியைக் கீழே வைத்தார். காதிலிருந்த பென்சிலை எடுத்து, இறுகாத மக்கின் நடுவில் மெதுவாகக் குத்தி, ஒரு சின்னத் துளை விட்டு உருவினார்.