பக்கத்துக்குப் பக்கம் அவள் பெயர்

நான்கைந்து வருடம் இருக்கும். அப்போது தூத்துக்குடியில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் அசைன்மென்ட் எழுதுவதற்கு ஒரே வழிதான். நெட்டில் தேடு, காப்பி எடு, ஒட்டு, கடைசிப் பக்கத்தில் ‘ஆதாரம்: கூகுள்’ என்று போடு, முடிந்தது. நானும் அந்தக் கூட்டம்தான். அப்பாவுக்கு சாத்தான்குளத்தில் பலசரக்குக் கடை. எதையும் சட்டுபுட்டென்று கட்டிக் கொடுத்து அனுப்பித்தான் எங்களுக்குப் பழக்கம்.

புதிதாக வந்த மிஸ் அத்தனை அசைன்மென்ட்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். “கூகுள் வழி காட்டிச்சு, சரி. சொன்னது யாரு? அவங்க பேரு எங்க?” என்று கேட்டார். இனிமேல் எந்தத் தகவலை எழுதினாலும் அந்த இடத்திலேயே அது யாரிடமிருந்து வந்தது என்று போட வேண்டுமாம். புத்தகம், கட்டுரை மட்டுமல்ல, நேரில் ஒருவர் சொன்னதென்றாலும் அவர் பெயரைப் போட வேண்டும். வகுப்பே முனகியது. முனகாத ஒரே ஆள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி.

அவள் கடற்கரை ஊர்க்காரி. சின்ன வயதிலேயே அப்பா இல்லை. அம்மா மார்க்கெட்டில் கருவாடு விற்றுத்தான் அவளைப் படிக்க வைத்தார். “இதுல என்னளா கஷ்டம்? எங்கம்மா தெனமும் செய்யுதாளே” என்றாள். அவள் அம்மா ஒரு பிடி நெத்திலியை எடுத்துக் காட்டும்போதே, இது எந்தக் கரையில் வாங்கியது, யார் வீட்டில் காயப் போட்டது என்று கேட்காமலே சொல்லிவிடுவாராம். நாளைக்கு மண் கடிபட்டால் யாரைத் திட்டுவது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அடுத்த அசைன்மென்ட் இரண்டு பேர் சேர்ந்து செய்வது. கருவாட்டு விலையை யார், எப்படி நிர்ணயிக்கிறார்கள் என்ற தலைப்பை அவள்தான் பிடித்தாள். மார்க்கெட்டில் முதல் நாள் நான் மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு நின்றேன். “சாப்பாட்டுல மட்டும் ரெண்டு துண்டு கூட வேணும், மூக்கை என்னத்துக்குப் பொத்துத?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டு மானத்தை வாங்கினாள்.

பேச்சு கொடுத்த ஒவ்வொருவரிடமும் அவரவர் பெயரைக் கேட்டாள். அங்கே பாதிப் பேரை இன்னார் பொண்டாட்டி, இன்னார் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். “அது எல்லாரும் சொல்லுதது. உங்க பேரு என்னக்கா?” என்று விடாமல் கேட்பாள். “என்னளா, ரேஷன் கார்டுக்கா எழுதுத?” என்று நான் அலுத்துக்கொள்வேன். தன் பெயரைச் சொல்லவே வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்ட ஓர் அக்காவை இன்றும் நினைவிருக்கிறது.

என்னிடம் லேப்டாப் இருந்ததால் டைப் அடிப்பது என் வேலை. வகுப்பு இல்லாத நாளில் அவள் அம்மாவோடு வியாபாரத்துக்குப் போவாள். அங்கிருந்தே எனக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். மழைக்காலத்தில் விலை ஏன் ஏறுகிறது, வெளியூர் வியாபாரி எப்படி விலையை அடிக்கிறான், உப்பு கூடினால் எடை எப்படிக் கூடும் என்று பேசிக்கொண்டே போவாள். பின்னால் தராசுச் சத்தமும் அவள் அம்மாவின் குரலும் கேட்கும். பிறகு டைப் அடிக்கலாம் என்று நான் சேர்த்து வைத்துக்கொண்டே வந்தேன்.

ஒரு நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. சாதாரணக் காய்ச்சல் என்றாள். பிறகு டெங்கு என்று பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்தும் ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. “வந்துருவேன்ளா. நீ பாட்டுக்கு அவசரத்துல யாரு பேரையும் விட்டுராத” என்று மூச்சு வாங்கச் சொல்லியிருந்தாள். அதுதான் கடைசி. அடக்கத்தன்று மாதா கோயில் வாசலில் மார்க்கெட் அக்காமார் எல்லோரும் நின்றார்கள். யார் யாரிடம் அவள் விடாமல் பெயர் கேட்டாளோ, அவர்கள் எல்லோரும் அன்று அவள் பெயரைச் சொல்லி அழுதார்கள்.

அசைன்மென்ட்டைக் கொடுக்கும் நாள் நெருங்கியது. முதலில் முகப்பை மட்டும் இரண்டு பேர் பெயரும் போட்டு அடித்துக்கொண்டு போனேன். ஆபீசில், வருகைப் பதிவிலிருந்து அவள் பெயரை எடுத்தாகிவிட்டது, முகப்பில் போடக் கூடாது என்றார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, விதி அப்படி. ஆனால் அவள் அலைந்து சேர்த்ததெல்லாம் என் ஒருத்தி பெயரில் போவதை என்னால் சகிக்க முடியவில்லை. ஸ்டாஃப் ரூமில் மிஸ் முன்னால் நின்று விம்மி விம்மி அழுதேன்.

மிஸ் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். பிறகு, “முகப்பு என் கையில இல்லம்மா. ஆனா உள்ள எழுதப்போற விஷயமெல்லாம் உனக்கு யாரு சொன்னா?” என்று கேட்டார்.

“அவதான் மிஸ்.”

“அப்ப அதை அப்படியே எழுது. அதுக்கு யாரும் தடை சொல்ல முடியாது” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

ஹாஸ்டலில் உட்கார்ந்து அந்த வாய்ஸ் மெசேஜ்களை முதலிலிருந்து கேட்டேன். அவள் சொன்னதை ஒவ்வொன்றாக டைப் அடித்து, பக்கத்தில் அடைப்புக்குள் அவள் பெயர், குரல் செய்தி, தேதி என்று போட்டேன். நடுநடுவே அவள் சிரிப்பாள். நிறுத்திவிட்டு அழுதுவிட்டு மறுபடி போடுவேன். மார்க்கெட் அக்காமார் சொன்னதற்கு அவரவர் பெயர். ஒருவர் பெயரையும் விடவில்லை.

அசைன்மென்ட் மார்க் போட்டுத் திரும்பி வந்ததும், முப்பதாம் நாள் பூசைக்குப் போனபோது அதைக் கையில் எடுத்துக்கொண்டேன். பூசை முடிந்து வீட்டில் அவள் அம்மாவிடம் கொடுத்தேன். அவருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வாசிக்க வரும். அதுவோ முழுக்க இங்கிலீஷ். “எம்மவ பேரு எங்கன இருக்கு?” என்று கேட்டார். ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். பிறகு விரலை வைத்துக்கொண்டு கீழே நகர்ந்தார். “இதும் அவதானே?” என்றார். ஆமாம் என்றேன். “இந்தா, இங்கனயும் இருக்கா.” அந்தப் பெயரின் உருவத்தைப் பிடித்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, மகளைத் தானே தேடித் தேடிக் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முறை கிடைக்கும்போதும் அந்த எழுத்தைத் தடவினார்.

கடைசிப் பக்கம் வந்தது. விரல் மேலிருந்து கீழே போய், மறுபடி மேலே வந்தது.

“இதுல காணோமே மக்கா?”

“அது முடிவுரைம்மா. நானா எழுதுனது” என்றேன்.

“அப்ப, அவ இல்லாம எழுதுனதா?” என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். அவர் மடியில் தலையை வைத்து அழுதேன். அவர் கை என் தலையில் இருந்தது.

இப்போது துறைமுகத்துப் பக்கம் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறேன். எந்த ரிப்போர்ட் எழுதினாலும் யார் சொன்னது என்று போட்டுத்தான் அனுப்புவேன், கூட இருப்பவர்கள் கேலி செய்வார்கள். மார்க்குக்காகப் போடுவது என்று நான் நினைத்திருந்த ஒரு பெயர், ஒரு தாய்க்குப் பிள்ளையைத் தொட்டுப் பார்க்கிற இடமாக இருந்ததை இவர்களுக்கு எப்படிச் சொல்வேன்? அவள் சொல்லி நான் எழுதிய பக்கங்கள் அத்தனையிலும் அவள் பெயர் இருக்கிறது. அது இல்லாத கடைசிப் பக்கத்தைத்தான் நான் இன்னும் தனியாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.